வெண்கண் ஆற்றுத் தகைவிலான்: அழிந்துவிட்டது என்று எழுதிவிடலாமா?

நாணற்புல்

தகைவிலான்களின் (ஆங்கிலத்தில் ஸ்வாலோ) குளிர்கால வலசை பற்றிய பழைய இழையில் தாய்லாந்துப் பறவை ஒன்று ஒரே வரியில் வந்துபோனது. ஒரு வரியில் முடிகிற விஷயம் இல்லை அது. அதனால் தனி இழை.

1968 ஜனவரி, பிப்ரவரியில் மத்தியத் தாய்லாந்தின் நாகோன் சவான் மாகாணத்தில் இருக்கும் புவெங் போரபெட் ஏரியில் இந்தப் பறவை முதன்முதலாக அறிவியலின் கைக்கு வந்தது. அப்போது ஆசியாவின் பல நாடுகளில் வலசைப் பறவைகளைப் பிடித்துக் காலில் வளையமிடும் பெரிய ஆய்வு ஒன்று நடந்துகொண்டிருந்தது. பறவைகள் சுமந்து வரும் நோய்களைத் தெரிந்துகொள்வதற்காக அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்த ஆய்வு. ஏரியின் நாணல் காட்டில் இரவு தங்கும் தகைவிலான்களை உள்ளூர்ப் பறவை பிடிப்பவர்கள் வலையில் பிடித்துக் கொடுப்பார்கள். அப்படி வந்த கூட்டத்தில் ஒன்பது பறவைகள் மட்டும் வேறு மாதிரி இருப்பதைத் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா கவனித்தார். உலகுக்கே புதிய இனம். இளவரசி சிரிந்தோன் பெயரைச் சூட்டி அதே ஆண்டு அறிவித்தார்.

பார்க்க எப்படி இருக்கும் என்றால், பச்சை மினுங்கும் கருப்பு உடல், வெள்ளைப் பிட்டம், கண்ணைச் சுற்றிப் பளீரென்று வெள்ளை வளையம். அலகு பச்சை கலந்த மஞ்சள், தகைவிலானுக்கு நம்ப முடியாத அளவு அகலம். வாலின் நடுவிலிருந்து இரண்டு மெல்லிய இறகுகள் நீண்டு, நுனியில் கொஞ்சம் அகன்றிருக்கும். ஏரிக்கரை மக்கள் இதற்குத் தங்கள் மொழியில் ஏற்கெனவே ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ஆக அவர்களுக்கு இது புதிய பறவை இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மனதை அறுக்கிறது. 1970களில் அதே ஏரியில் சில முறை பார்த்திருக்கிறார்கள். 1980 வாக்கில் பதிவுகள் நின்றுவிட்டன. கூடு எங்கே கட்டும், எத்தனை முட்டை இடும், குரல் எப்படி, கோடையில் எங்கே இருக்கும் என்று எதுவுமே பதிவாகவில்லை. நமக்குத் தெரிந்த இந்தப் பறவையின் வாழ்க்கை மொத்தமும் ஒரே ஏரியில் சில குளிர்கால இரவுகள்தான்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன்னின் சிவப்புப் பட்டியலில் இது இன்னும் ‘அழிந்தது’ என்ற வகைக்குப் போகவில்லை. ‘மிக அபாய நிலை’யில்தான் வைத்திருக்கிறார்கள். அது சரியான முடிவு என்பது என் கருத்து. கூடு கட்டும் இடத்தையே கண்டுபிடிக்காத ஒரு பறவையை, உறங்கப் போன இடத்துக்கு வரவில்லை என்பதற்காகச் செத்துப்போனதாக எப்படி எழுதுவது? மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஏரிமடை

நல்ல இழை. ஆனால் எனக்கு இதில் உங்கள் நம்பிக்கை இல்லை, நாணற்புல். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்.

இது நாணலுக்குள் பதுங்கித் திரியும் பழுப்புக் குருவி இல்லை. வானத்தில் பறந்து பூச்சி பிடிக்கிற பறவை. வெள்ளைப் பிட்டமும் மஞ்சள் அலகும் வால் கம்பியும் உள்ள ஒரு தகைவிலானைப் பார்த்துவிட்டு எந்தப் பறவை ஆர்வலரும் சும்மா கடந்து போகமாட்டார். 1968இல் தாய்லாந்தில் பறவை பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். இன்று அந்த நாட்டில் பெரிய லென்ஸோடு ஊர் ஊராகத் திரிகிற கூட்டமே இருக்கிறது. புவெங் போரபெட்டுக்குக் குளிர்காலத்தில் படகில் போகாதவர்கள் குறைவு. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு புகைப்படம்கூட இல்லை.

கோடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். குளிர்காலத்தில் எங்கேயாவது உறங்கித்தானே ஆக வேண்டும்? தகைவிலான் கூட்டங்களோடு நாணலில் உறங்கிய பறவை என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்தக் கூட்டங்கள் எல்லாம் இன்று கண்ணுக்குத் தெரிந்த இடங்களில்தான் இருக்கின்றன.

புதுவரவு

இந்தக் குழுவுக்குப் புதியவன். சின்னக் கேள்விகள்தான். இது சாப்பிட்டது என்ன? கண்ணும் அலகும் அவ்வளவு பெரிதாக இருந்ததற்குக் காரணம் தெரியுமா? ஏரியில் பூச்சி குறைந்ததால் போயிருக்குமோ?

வலசைப்பாதை

புதுவரவு தம்பிக்கு: பறந்தபடியே பூச்சி பிடிக்கும். பிடித்த பூச்சிகளில் வண்டுகளும் இருந்ததாகப் பதிவு உண்டு. நம் ஊருக்குக் குளிர்காலத்தில் வரும் சாதாரணத் தகைவிலானைவிட அகன்ற அலகு என்பதால் பெரிய இரைகளையும் பிடித்திருக்கும் என்று கருதுகிறார்கள். கண் பெரிதாக இருப்பதை வைத்து, மங்கல் வெளிச்சத்தில், அதாவது விடியலிலும் அந்தியிலும் இரை தேடியிருக்கலாம் என்று ஓர் ஊகம் உண்டு. ஊகம்தான். உறுதிசெய்ய உயிரோடு ஒரு பறவை வேண்டும். ஆனால் அந்த ஊகம் சரியென்றால் ஏரிமடை சார் சொன்னதற்கு ஒரு பதிலும் அதில் இருக்கிறது. பகலில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்வலர் கண்ணில் இது அவ்வளவாகப் பட்டிருக்காது.

பூச்சி குறைவு காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றே நினைக்கிறேன். அதே ஏரியில் அதே காலத்தில் மற்ற தகைவிலான்கள் பூச்சி தின்று வாழ்ந்துகொண்டுதான் இருந்தன.

இதைப் புரிந்துகொள்ள வழி, இதன் ஒரே நெருங்கிய சொந்தத்தைப் பார்ப்பது. அது இருப்பது ஆப்பிரிக்காவில். காங்கோ, உபாங்கி ஆறுகளில் வாழும் ஆப்பிரிக்க ஆற்றுத் தகைவிலான். இரண்டு இனங்களும் வாழ்ந்த இடங்களுக்கு இடையே சுமார் 10,000 கிலோமீட்டர். நடுவில் இந்த வகைப் பறவையே கிடையாது. தகைவிலான் குடும்பத்திலேயே மிகப் பழங்காலத்தில் பிரிந்த கிளை இந்த இரண்டும்.

ஆப்பிரிக்கப் பறவையின் கதை தெரிந்த கதை. ஆற்றில் தண்ணீர் வற்றி மணல் திட்டுகள் வெளியே தெரியும் மாதங்களில், அந்தத் திட்டிலேயே சாய்வாக வளை தோண்டிக் கூட்டம் கூட்டமாகக் கூடு வைக்கும். மழை வந்து வெள்ளம் ஏறுவதற்குள் குஞ்சுகள் பறந்துவிட வேண்டும். பிறகு கூட்டமாகக் கடற்கரைப் பக்கம், காபோன் நாட்டுப் புல்வெளிகளுக்குப் போகும். அங்கேயும் சில கூட்டங்கள் கூடு வைக்கின்றன.

தாய்லாந்துப் பறவையும் அப்படித்தான் மணல் திட்டில் கூடு வைத்திருக்கும் என்று பலரும் நினைப்பது இதனால்தான். நாகோன் சவான் இருக்கும் இடத்தைக் கவனியுங்கள். வடக்கிலிருந்து வரும் பிங், வாங், யோம், நான் ஆகிய நான்கு நதிகளின் தண்ணீரும் அங்கேதான் ஒன்றுசேர்ந்து சாவோ பிரயா ஆகிறது. புவெங் போரபெட் அந்தக் கூடலுக்குச் சற்றுக் கிழக்கே, நான் நதியை ஒட்டி. குளிர்காலத்தில் இங்கே உறங்கிய பறவை, வேனிலில் இந்த நான்கில் ஏதோ ஒன்றின் மேல்பகுதிக்குப் போயிருக்கலாம்.

1969 மே மாதம் நான், யோம், வாங் நதிகளில் தேடினார்கள். கிடைக்கவில்லை.

மணல்திட்டு

திருச்சிப் பக்கம் ஆற்றோரம் வளர்ந்தவன். காவிரி, கொள்ளிடம் மணலைப் பார்த்துப் பழகிய கண்ணால் சொல்கிறேன். வலசைப்பாதை அண்ணன் எழுதியதில் எனக்கு உறுத்திய விஷயம் அந்த மே மாதம்.

அங்கே மழைக்காலம் மே நடுவிலேயே தொடங்கிவிடும். ஆறு அடிமட்டத்துக்கு வற்றிக் கிடப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. ஆற்று மணலில் முட்டை வைக்கும் எந்தப் பறவையும் தண்ணீர் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடத்தான் பார்க்கும். நம் ஊர் ஆற்று ஆலாவும் அப்படித்தான், மணல் காய்ந்து கிடக்கும் நாட்களில் முட்டை வைக்கும். ஏரியில் பிப்ரவரி வரை பறவை இருந்தது உண்மையென்றால், மார்ச்சும் ஏப்ரலும்தான் கூடு காலமாக இருந்திருக்க வேண்டும். மே மாதத்தில் போய்த் தேடியவர்கள் காலி வளைகளின் மேல் படகு விட்டுப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. இது என் கணக்கு மட்டும்தான், யாரும் எழுதி வைத்ததை வைத்துச் சொல்லவில்லை.

அடுத்து, அணைகள். பிங் நதியில் பூமிபோல் அணை 1964இல் முடிந்தது. பறவை அறிவியலுக்குத் தெரிவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னால். நான் நதியில் சிரிகித் அணை 1970களின் தொடக்கத்தில் கட்டி முடிந்தது. பறவை குறைந்துகொண்டே போன அதே பத்தாண்டு.

பெரிய அணை வந்தால் கீழே உள்ள மணல் திட்டுக்கு இரண்டு வகையில் சாவு. வெள்ளத்தோடு வரவேண்டிய புது மணல் அணைக்குள்ளேயே படிந்துவிடும், திட்டு ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்துகொண்டே போகும். அதைவிட மோசம், தண்ணீர் திறக்கும் நேரம். பறவை நம்பியிருப்பது வேனிலில் ஆறு வற்றிக் கிடக்கும் என்பதை. நாம் வேனிலில்தான் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் மதகைத் திறக்கிறோம். ஒரே இரவில் திட்டு முழுகிவிடும். தரைமேல் முட்டை வைக்கும் ஆலாவுக்காவது தப்புவதற்குச் சில மேடுகள் இருக்கும். வளைக்குள் இருக்கும் குஞ்சுக்கு அதுவும் கிடையாது.

திட்டு நிலைத்துவிட்டால் அப்புறம் செடி முளைக்கும், மாடு இறங்கும், நாய் இறங்கும், கடைசியில் மணல் லாரி இறங்கும். கொள்ளிடத்தில் இதெல்லாம் நம் கண்முன்னால் நடந்ததுதானே.

என்னைக் கேட்டால் அந்தப் பறவையை அழித்தது ஏரி இல்லை, ஆறு. ஏரியில் காவல் போட்டோம். ஆற்றில் அது எந்த இடத்தில் இருந்தது என்றே தெரியாததால் அங்கே காப்பாற்ற ஒருவரும் இல்லை.

சீலோம்வாசி

பாங்காக்கில் வேலை பார்க்கும் தமிழன். புவெங் போரபெட்டுக்குப் போயிருக்கிறேன், அதனால் ஏரி பற்றி மட்டும் சில வார்த்தை.

தாய்லாந்தின் மிகப் பெரிய நன்னீர் ஏரி அது, 200 சதுர கிலோமீட்டருக்கு மேல். முழுக்க இயற்கை ஏரி என்று நினைத்துவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்த சதுப்பில் மீன்வளத்துக்காக 1920களின் கடைசியில் அணை கட்டித் தண்ணீரைத் தேக்கியதால் இந்த அளவு விரிந்தது. நாம் பேசும் பறவை நாணலில் உறங்கியது. இன்று படகில் போனால் கண் நிறையத் தெரிவது தாமரை. குளிர்காலத்தில் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நாணல் காடு வெட்டப்பட்டுத் தாமரை வளர்ப்பும் மீன் வளர்ப்பும் வந்திருக்கிறது என்பதை மறந்துவிட்டு ரசிக்க முடியவில்லை. ஏரியில் வேட்டையாடத் தடை இருக்கிறது. 1970களின் நடுவிலேயே வேட்டை தடைசெய்யப்பட்ட பகுதியாக அறிவித்துவிட்டார்கள்.

தகைவிலான்கள் எங்கே உறங்கும் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். நம் மாரியம்மன் கோயில் இருக்கும் சீலோம் சாலையின் மின்கம்பிகள் குளிர்காலத் தகைவிலான் கூட்டத்துக்குப் பேர்போனவை. நாணலை விட்டுவிட்டு நகரத்துக் கம்பியில், சாலை இரைச்சலுக்கு நடுவே உறங்கக் கற்றுக்கொண்ட பறவை அது. அந்தத் தகைவிலான் பிழைத்ததற்கு இந்த வளைந்துகொடுக்கும் குணம் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். வெண்கண் பறவை நாணலைத் தவிர வேறெங்கும் உறங்கியதாகப் பதிவே இல்லை.

ஏரிமடை

சீலோம்வாசி சொன்னது முக்கியம். மணல்திட்டு சொன்னதும் முக்கியம். ஆனால் இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் பக்கம்தான் வலுக்கிறது. கூடு வைக்கும் மணல் போனது, உறங்கும் நாணலும் போனது. அதற்கு மேல் வலை. இந்த மூன்றையும் தாண்டி ஒரு பறவை நாற்பது ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்திருக்கும்?

வலை பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஏரியில் பிடித்த தகைவிலான்கள் சந்தையில் சாப்பாட்டுக்கு விற்கப்பட்டன. புதிய இனம் என்று பெயர் பரவிய பிறகு வெண்கண் பறவையையே சுமார் 120 வரை பிடித்ததாகவும் பதிவு இருக்கிறது. ஒரே இடத்தில் மட்டும் உறங்கும் ஓர் அரிய இனத்தில் 120 என்பது என்ன பங்கு என்று யோசித்துப் பாருங்கள். 1970 வாக்கில் அந்த ஏரியில் லட்சக்கணக்கில் இருந்த தகைவிலான்கள், 1980–81 குளிர்காலக் கணக்கெடுப்பில் அதிகபட்சமாக 8,000தான். எங்கும் இருக்கிற சாதாரண இனத்துக்கே அந்தக் கதி.

கருவேலம்

அப்படியானால் குற்றவாளி யார் என்பது தெரிந்துவிட்டது. வலைக்காரர்கள். வயிற்றுப்பாடு என்று சொல்லி எல்லாவற்றையும் நியாயப்படுத்த முடியாது.

நாணற்புல்

கருவேலம், இதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

அந்த ஏரிக்கரைக் குடும்பங்கள் தகைவிலான் பிடித்துத் தின்றது புதிதாகத் தொடங்கிய பழக்கம் இல்லை. அவர்கள் பிடித்துக்கொண்டிருந்த காலத்திலேயும் இந்தப் பறவை இருந்தது, அவர்கள் வைத்த பெயரோடு இருந்தது. 1968க்குப் பிறகு புதிதாக வந்தவை இரண்டு. ஒன்று, அந்தப் பறவைக்குத் தனி மதிப்பு. இன்னொன்று, மணல்திட்டு சொன்ன அணை. கூடு வைக்கும் இடம் நன்றாக இருந்தவரை ஆண்டுதோறும் வலையில் போனதை அடுத்த ஆண்டுக் குஞ்சுகள் ஈடுகட்டியிருக்கும். அந்த ஈடு நின்ற பிறகு அதே வலை கழுத்தை இறுக்கிவிட்டது. வலை தீங்கு செய்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அணை கட்டியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வலைக்காரரை மட்டும் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஒன்பது பறவைகளும் ஆய்வாளருக்குக் கிடைத்தது அந்த வலைக்காரர்கள் கையால். அவர்களிடம் உட்கார்ந்து, இது எந்த மாதம் வரும், எந்த மாதம் போகும், எந்தத் திசையில் போகும் என்று பொறுமையாகக் கேட்டு எழுதியிருந்தால் இன்று நமக்கு ஆற்றின் பெயராவது தெரிந்திருக்கும். அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் இன்று இருப்பார்கள்?

வலசைப்பாதை

நாணற்புல் அக்கா சொன்னதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. கடப்பாவின் ஜெர்டான் கோர்சர் என்ற பறவை, தெலுங்கில் கலிவிகோடி. 1900க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை, போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வேட்டைக்காரர்களிடம் கேட்டார்கள். 1986 ஜனவரியில் ஓர் உள்ளூர்க்காரர் இரவில் உயிரோடு பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். 86 ஆண்டு இடைவெளி.

இன்னும் பொருத்தமானது தாய்லாந்திலேயே நடந்தது. 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பறவையியலாளர் ஏ.ஓ. ஹியூமுக்குக் கிடைத்த ஒரே ஒரு மாதிரியை வைத்து மட்டும் அறியப்பட்ட பேரலகு நாணல் கதிர்க்குருவி. அதுவும் பூச்சி தின்னிதான். 139 ஆண்டுகளுக்குப் பிறகு, 2006 மார்ச்சில், பாங்காக்கிலிருந்து அதிக தூரமில்லாத பெட்சபுரிக் கடலோரத்தில் பறவையியலாளர் பிலிப் ரவுண்ட் வலையில் சிக்கியது. மியான்மாரிலும் அப்படி ஒன்று உண்டு. 1941க்குப் பிறகு அந்த நாட்டில் காணாமல் போயிருந்த ஜெர்டான் சிலம்பன் என்ற குருவியை 2014இல் சித்தாங் ஆற்றுச் சமவெளியின் புல்வெளியில் மறுபடி கண்டார்கள்.

ஏரிமடை

மூன்றும் உண்மை, மூன்றும் இங்கே பொருந்தாது. கோர்சர் இரவுப் பறவை, முள்ளுக்காட்டில் ஓடி ஒளிவது. கதிர்க்குருவி கையில் பிடித்து இறகை அளந்தால் மட்டுமே மற்ற கதிர்க்குருவியிலிருந்து பிரித்துச் சொல்லக்கூடியது. சிலம்பன் புல்லுக்குள் மறைந்து வாழ்வது. நாம் பேசுவது கண்டவுடன் தெரிந்துகொள்ளக்கூடிய, திறந்த ஆற்றின் மேல் பறக்கும் பறவை.

அந்தியில் இரை தேடும் என்ற ஊகத்தை ஏற்றுக்கொண்டால் கொஞ்சம் மாறும், ஒப்புக்கொள்கிறேன். அது இன்னும் ஊகம்தானே.

புதுவரவு

தாய்லாந்துக்கு வெளியே யாரும் தேடவில்லையா? ஆறுகளுக்கு எல்லை கிடையாதே.

வலசைப்பாதை

நல்ல கேள்வி தம்பி. கூடு வைக்கும் இடம் மியான்மாரிலோ தென்மேற்குச் சீனத்திலோ இருந்திருக்கலாம் என்ற கருத்து ஆரம்பத்திலிருந்தே உண்டு. பழைய சீன ஓவியச் சுருள் ஒன்றில் இந்தப் பறவை வரையப்பட்டிருக்கிறது என்றுகூடச் சொன்னார்கள். பிறகு பார்த்தவர்கள், அது தகைவிலான் போன்ற வாலுள்ள வேறொரு கரையோரப் பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்று தள்ளிவிட்டார்கள். 2004இல் கம்போடியாவில் பார்த்ததாக ஒரு தகவல் வந்தது, அது உறுதியாகவில்லை.

மியான்மாரின் ஐராவதியும் சிந்துவினும் இன்னும் மணலோடு ஓடும் பெரிய ஆறுகள். போரும் கலவரமும் மாறிமாறி நடப்பதால் வெளியாட்கள் போய்த் தேட முடியாத இடங்கள் அங்கே ஏராளம். எனக்கு நம்பிக்கை என்று ஏதாவது இருந்தால் அந்தப் பக்கம்தான்.

தாய்லாந்துக்குள்ளே என்றால் யோம் நதி. அந்த நான்கில் பெரிய அணை வராமல் தப்பியது அது ஒன்றுதான். கெங் சுவா தென் என்ற இடத்தில் அணை கட்டும் திட்டத்தைச் சுற்றுவட்டார மக்கள் பல பத்தாண்டுகளாக எதிர்த்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவர்கள் போராடுவது தங்கள் வீட்டுக்கும் தேக்குக் காட்டுக்கும்தான், பறவைக்காக இல்லை. ஆனாலும் பறவைக்கு ஏதாவது மணல் மிச்சம் இருக்கிறதென்றால் அது அவர்களால்தான்.

மணல்திட்டு

யோம் பற்றிச் சொன்னதற்கு நன்றி அண்ணா. எனக்கு ஒரு சந்தேகம் தீர்ந்தது.

இப்போது ஏரிமடை அண்ணனிடம் ஒரு கேள்வி. நீங்கள் இதை ‘அழிந்தது’ என்று மாற்றச் சொல்கிறீர்கள், சரி. மாற்றினால் என்ன நடக்கும்? யோம் நதியில் அணைக்கு மறுபடி கோப்பு நகரும்போது, இந்த ஆற்றில் உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு பறவை கூடு வைத்திருக்கக்கூடும் என்று சொல்ல ஒரு வரி இருக்காது. பட்டியலில் இருப்பது வெறும் கௌரவத்துக்கு இல்லை. பிலிப்பைன்ஸின் செபு தீவில் பூங்கொத்தி ஒன்றை, காடே போய்விட்டது, பறவையும் போயிருக்கும் என்று முடிவு கட்டியிருந்தார்கள். 1992இல் மிச்சமிருந்த துண்டுக் காட்டில் அது உயிரோடு இருந்தது. யாரும் தேடாத அந்த இடைக்காலத்தில் இன்னும் எவ்வளவு மரம் போனதோ.

ஏரிமடை

நேர்மையான கேள்வி. பதில் சொல்கிறேன்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. ஆசியாவில் ஆற்று மணலில் முட்டை வைக்கும் பறவைகள் உயிரோடு இருப்பவையே அழிந்துகொண்டிருக்கின்றன. கருவயிற்று ஆலா தாய்லாந்திலும் மீகாங்கிலும் இன்று அநேகமாக இல்லை. ஆற்று ஆலாவும் தென்கிழக்கு ஆசியாவில் அதே வழியில் போகிறது. இருக்கும் கொஞ்சப் பணமும் ஆட்களும் காணாமல் போன ஒரு பறவையின் பின்னால் ஓடினால், கண்ணெதிரே இருக்கும் ஆலாவின் கூட்டுக்குக் காவல் இருக்க ஆள் இருக்காது. மீகாங்கில் கம்போடியக் கிராமத்தார் கூடு காவலுக்குச் சம்பளம் வாங்கி மணல் திட்டில் இரவு பகலாக இருக்கிறார்கள். பலன் கொடுத்த வேலை அது. பணம் அங்கே போக வேண்டும்.

நாணற்புல்

ஏரிமடை, இங்கேதான் நாம் ஒரே இடத்துக்கு வருகிறோம். ஆலாவின் கூட்டைக் காக்க மார்ச், ஏப்ரலில் மணல் திட்டில் உட்கார்ந்திருக்கும் அதே ஆள்தான், வெண்கண் தகைவிலான் எங்காவது மிச்சமிருந்தால் அதைப் பார்க்கப் போகிற முதல் ஆள். தனிப் பயணம், தனிப் பணம் எதுவும் தேவையில்லை. அவர் கையில் ஒரு படம் இருந்தால் போதும். அந்தியில் ஆற்றின் மேல் ஒரு மணி நேரம் கூடுதலாகப் பார்க்கச் சொன்னால் போதும். ஏரியில் குளிர்காலத்தில் தேடித் தேடிக் களைத்ததைவிட அது பயனுள்ள தேடலாக இருக்கும்.

ஏரிமடை

அப்படியென்றால் எனக்கு மறுப்பில்லை. பறவை இல்லை என்ற என் கருத்து மாறவில்லை. ஆனால் அப்படித் தேடுவதால் ஆலாவுக்கு நட்டமில்லை, பட்டியலில் இருப்பதும் இருந்துவிட்டுப் போகட்டும்.

கருவேலம்

கிட்டி தொங்லோங்யா பிறகு தேடவில்லையா?

வலசைப்பாதை

அவர் 1974 பிப்ரவரியில் மறைந்துவிட்டார், 45 வயது. அதற்கு முந்தைய ஆண்டு காஞ்சனபுரியின் குகைகளில் அவர் கண்டெடுத்த சின்னஞ்சிறு வௌவாலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உலகின் மிகச் சிறிய பாலூட்டிகளில் ஒன்று, எடை இரண்டு கிராம் அளவு. தாய்லாந்து அரசு 1974இல் வனவிலங்குப் பாதுகாப்புக்காக வெளியிட்ட 5,000 பாட் தங்க நாணயத்தில் பொறித்தது வெண்கண் தகைவிலானைத்தான். இன்னும் பத்து ஆண்டு அவர் இருந்திருந்தால் ஆற்றைத் தேடுவதை விட்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

புதுவரவு

கடைசியாக ஒன்று கேட்கிறேன். மார்ச்சில் வேலை விஷயமாக வடக்குத் தாய்லாந்து போகிறேன், சுகோதாய் பக்கம். யோம் அந்த வழியாகத்தானே போகிறது? ஆற்றோரம் நின்றால் எதைப் பார்க்க வேண்டும், எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது?

வலசைப்பாதை

ஆமாம், சுகோதாய் வழியாகத்தான் போகிறது. கவனமாகப் படியுங்கள் தம்பி.

வெள்ளைப் பிட்டத்தோடு பறக்கும் எல்லாம் இது ஆகாது. உழவாரன்களுக்கும் வெள்ளைப் பிட்டம் உண்டு, ஆனால் அவற்றின் இறக்கை அரிவாள் போல ஒல்லியாக வளைந்திருக்கும், கம்பியிலோ நாணலிலோ உட்காரவே உட்காராது. கம்பிவால் தகைவிலானுக்கும் வாலில் இரண்டு கம்பி உண்டு. ஆனால் அது வாலின் இரு ஓரத்திலிருந்து வரும், வயிறு தூய வெள்ளை, தலையில் செம்பழுப்புத் தொப்பி. நாம் தேடுவதன் கம்பி வாலின் நடுவிலிருந்து வரும், வயிறும் கருமை. இளம் பறவைக்குக் கம்பியே இருக்காது, நிறமும் பழுப்பாக இருக்கும். அதனால் வாலை மட்டும் நம்பாதீர்கள். வெள்ளைப் பிட்டமும் பிளவுபட்ட வாலும் கொண்ட இன்னொரு பறவை அந்த மாதங்களில் மணல் திட்டிலேயே கூட்டமாக இருக்கும். பழுப்பு உடல், தொண்டையில் கருப்புக் கோடு போட்ட வெளிர்மஞ்சள் திட்டு. ஓவியச் சுருளில் இருந்தது என்று சொல்வது அதைத்தான். பலரும் முதலில் ஏமாறுவதும் அதனிடம்தான்.

உறுதி சொல்லும் அடையாளம் அலகும் கண்ணும். மஞ்சள் அலகு, கண்ணைச் சுற்றி வெள்ளை. கருத்த உடலில் இந்த இரண்டும் இருந்தால் வேறு எதுவும் இல்லை.

வெயில் சாய்ந்த பிறகு கிளம்பிவிடாதீர்கள். முழுக்க இருட்டும்வரை ஆற்றின் மேலேயே பாருங்கள். மணல் திட்டில் இறங்கி நடக்க வேண்டாம், ஆலாவோ மற்றதோ முட்டை வைத்திருக்கும், கரையிலிருந்தே பாருங்கள். படம் எடுத்தால் இடத்தைப் பொதுவெளியில் போடாமல் முதலில் தாய்லாந்துப் பறவைகள் பாதுகாப்புச் சங்கத்துக்கு அனுப்புங்கள். ஒன்றும் இல்லையென்றாலும் எந்தத் தேதி, எந்த இடம், எத்தனை நேரம் நின்றீர்கள், என்னென்ன பறவை இருந்தது என்று இங்கே எழுதுங்கள். மார்ச் மாதத்து யோம் பற்றி அந்தக் குறிப்பே எங்களுக்கு வேண்டியதுதான்.

புதுவரவு

எழுதி வைத்துக்கொண்டேன் அண்ணா. திரும்பி வந்ததும் இதே இழையில் போடுகிறேன்.